அன்பு மட்டும் போதுமா: கொங்கு நாட்டில் ஒரு கிறிஸ்தவ அறக் கேள்வி

கோயமுத்தூரின் பெரிய ஆஸ்பத்திரிகளில், புற்றுநோய்ப் பிரிவில் அடிக்கடி நடப்பது இது. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிய மகன், அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டரின் அறைக்குள் தான் மட்டும் முதலில் நுழைவார். "அய்யனுக்குத் தெரிய வேண்டாமுங்க டாக்டர். வயித்துல புண்ணுன்னு சொல்லிப்போடுங்க. நெசத்தச் சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவாருங்க." கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் இதே வேண்டுகோள் ஜெபம் பண்ண வரும் பாஸ்டருக்கும் போகும். "அவரு கேட்டாலும் நீங்க ஒண்ணும் சொல்லீராதீங்க பாஸ்டர்."

பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று இருக்கிறது. மகனோ அன்பினால் கேட்கிறார், அதில் சந்தேகமே இல்லை. கட்டளையா, அன்பா என்று பாஸ்டர் திகைத்து நிற்கும் இந்த இடத்தைச் சுற்றித்தான் கிறிஸ்தவ அறவியலில் ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கிறது. ஒரு செயல் சரியா தவறா என்பதை அன்பு ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியுமா என்பதே அந்த விவாதம். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்பை அளவுகோலாக வைப்பது சரிதான், இயேசுவே அதைத்தான் வைத்தார். ஆனால் யார்மேல் அன்பு என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை நம் கையில் கொடுத்துவிட்டால் அந்த அளவுகோலே கெட்டுப்போகும். கொங்கு நாட்டில் அது கெட்டுப்போன இடங்கள் நமக்கெல்லாம் நன்றாகவே தெரியும்.

இந்த விவாதத்தில் அதிகம் அடிபடும் பெயர் ஜோசப் ஃபிளெட்சர். 1905இல் பிறந்த அமெரிக்கர். ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் சபையின் குருவானவராக இருந்தார், மாசசூசெட்ஸில் ஓர் இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார், தொழிற்சங்கங்களுக்காகக் குரல் கொடுத்தார். 1966இல் அவர் வெளியிட்ட ‘சூழ்நிலை அறவியல்’ என்ற நூல் சபைகளுக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது.

அறத்தைப் பற்றி முடிவெடுக்க மூன்று வழிகள் உண்டு என்றார் ஃபிளெட்சர். ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சட்டம் எழுதி வைத்துக்கொண்டு, எந்த வழக்கு வந்தாலும் புத்தகத்தைப் புரட்டுவது. இன்னொன்று, எந்த விதியும் வேண்டாம், அந்த நேரத்தில் மனசுக்குப் பட்டதைச் செய்வது. இரண்டையும் அவர் தள்ளினார். மூன்றாவது வழியில் நடப்பவன் தன் மரபு கொடுத்த விதிகளை எல்லாம் மதித்து, கையில் எடுத்துக்கொண்டுதான் சூழ்நிலைக்குள் போகிறான். அவை அவனுக்கு வெளிச்சம் தரும். ஆனால் அன்புக்கு எதிராக ஒரு விதி நின்றால் அந்த விதியை ஒதுக்கி வைக்கவும் அவன் தயாராக இருக்கிறான். எந்தச் சூழ்நிலையிலும் தன்னளவில் நல்லது என்று சொல்லத்தக்கது அன்பு ஒன்றுதான், மற்ற எல்லாமே அன்புக்கு உதவுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

அந்த நூலில் அதிகம் பேசப்பட்ட உதாரணம் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஒரு ஜெர்மன் தாயின் கதை. சோவியத் முகாமில் அடைபட்டிருக்கிறாள். கர்ப்பிணி என்றால்தான் விடுதலை. வெளியே கணவனும் பிள்ளைகளும் அவளைத் தேடி அலைகிறார்கள். காவலன் ஒருவனை அவளே கேட்டுக்கொண்டு கர்ப்பமாகி, விடுதலை பெற்று வீட்டுக்கு வருகிறாள். குடும்பம் அவளையும் பிறந்த குழந்தையையும் ஏற்றுக்கொள்கிறது. இது விபசாரமா, தியாகமா? ஐம்பது வருடத்துக்கும் மேலாக இறையியல் வகுப்புகளில் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட உச்சகட்ட உதாரணங்களால் விவாதத்துக்குக் கெடுதல்தான் என்று நினைக்கிறேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவருக்கோ பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்கோ சோவியத் முகாம் வரப்போவதில்லை. அவர்களுக்கு வருவது சம்பளம், கடன், கல்யாணம், வைத்தியம், எடை, கழிவுத் தண்ணீர்.

ரோமாபுரி, அதாவது கத்தோலிக்கத் தலைமை, இந்தச் சிந்தனையை ஃபிளெட்சரின் நூலுக்கு முன்பே கண்டித்திருந்தது. ஐரோப்பாவில் இதே போக்கு தலையெடுத்தபோது திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1952இல் அதை எதிர்த்துப் பேசினார். 1956இல் வத்திக்கான் அதைப் போதிக்கவே கூடாது என்று தடை விதித்தது. புராட்டஸ்டண்டுகளிடம் மத்தியத் தடை போட யாரும் இல்லாததால் அங்கே நூல்மேல் நூலாகச் சண்டை நடந்தது.

ஆனால் ஃபிளெட்சர் சொன்னதன் வேர் வேதத்திலேயே இருக்கிறது, அதைத்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய கட்டளை எது என்று கேட்டபோது இயேசு இரண்டைச் சொன்னார்: தேவனிடத்தில் முழு இருதயத்தோடும் அன்புகூர வேண்டும், தன்னிடத்தில் அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூர வேண்டும். நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும் முழுவதும் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கின்றன என்றார். பசித்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்றபோது குற்றம் சாட்டிய பரிசேயர்களுக்கு, அதாவது சட்டத்தில் கண்டிப்பான யூத மதப் பிரிவினருக்கு, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது, மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை என்று பதில் கொடுத்தார். தாவீது பசியில் ஆசாரியருக்கு மட்டும் உரிய அப்பத்தைத் தின்றதை அவர்களுக்கு நினைவுபடுத்தினார். பார்வோனின் ஆணையை மீறி ஆண் பிள்ளைகளை உயிரோடு விட்டுவிட்டு, அரசனிடம் சாக்குச் சொன்ன எபிரெய மருத்துவச்சிகளுக்கு தேவன் நன்மை செய்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது.

நம் ஊருக்கு மிக நெருக்கமான உதாரணம், ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுலிடம் கிடைக்கிறது. கொங்கு நாட்டு ஊர்களில் மாரியம்மன் நோம்பி வந்தால் தெருவே மாறிவிடும். கம்பம் நட்டு, மாவிளக்கு எடுத்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டு போகும். கிறிஸ்தவ வீட்டுக்கும் வரும். "அக்கா, நோம்பிப் பலகாரமுங்க" என்று வருஷமெல்லாம் ஒன்றாகத் தண்ணீர் பிடிக்கும் பெண் நீட்டுவாள். வாங்குவதா, வேண்டாமென்பதா? இரண்டாயிரம் வருடத்துக்கு முன் கொரிந்துப் பட்டணத்துச் சபையும் இதையேதான் கேட்டது. அங்கே சந்தையில் விற்ற கறியில் கோயில்களில் படைக்கப்பட்டதும் இருந்தது.

பவுலின் பதில் ஒற்றை விதியாக வரவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே சாப்பாட்டில் விஷயமில்லை என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும் என்று அதற்கு முன்பே எச்சரித்துவிடுகிறார். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போய், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். ஆனால் அங்கே ஒருவர், இது படைத்தது என்று குறிப்பாகச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். கறி அதேதான். தட்டும் அதேதான். எதிரே இருக்கிற மனுஷர் மாறியதால் பதில் மாறுகிறது. தன் சாப்பாடு ஒரு சகோதரனுக்கு இடறலாகுமென்றால் என்றைக்குமே மாம்சம் தின்னமாட்டேன் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். இது ஃபிளெட்சர் பேசியதற்கு மிக அருகில் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், பெரிய வித்தியாசம்: பவுலின் கணக்கில் அன்பு எப்போதும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவே வருகிறது. தனக்குச் சலுகை தேட அவர் அதை ஒரு தடவைகூட எடுப்பதில்லை.

இதை வைத்து ஆஸ்பத்திரிக் கேள்வியைப் பார்க்கலாம். அன்பை மட்டும் பார்ப்பவர் பொய் சொல்லச் சொல்வார், விதியைப் பார்ப்பவர் உண்மையைப் போட்டு உடைக்கச் சொல்வார் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஃபிளெட்சர் எதிர்ப்பக்கம் நின்றார். 1954இல் அவர் எழுதிய ‘அறமும் மருத்துவமும்’ என்ற முந்தைய நூலில், தன் நோயைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று வாதிட்டார். தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கத் தேவையான செய்தியை ஒருவரிடமிருந்து மறைப்பது, அவரை மனுஷராக நடத்தாமல் விடுவதாகும் என்பது அவர் பார்வை. டாக்டர்கள் நோயாளியிடம் புற்றுநோயை மறைப்பது அமெரிக்காவிலும் சகஜமாக இருந்த காலம் அது. அதனால் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டியிருந்தது.

அய்யனின் பக்கத்திலிருந்து யோசித்தால் இதன் நியாயம் புரியும். வயிற்றில் புண் என்று நம்புகிறவர் தோட்டத்துப் பத்திரத்தைப் பற்றிப் பேசமாட்டார். பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பமாட்டார். மயிர் கொட்டும்போது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குள் வீடே சேர்ந்து நடித்துக்கொண்டிருப்பதால் தன் பயத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கும். மகன் அன்பினால்தான் மறைக்கிறார். ஆனால் அந்த அன்பில் பாதி, அப்பா அழுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்கிற தன் பயம். அன்பு சத்தியத்தில் சந்தோஷப்படும் என்று கொரிந்தியரில் எழுதியிருப்பதை நாம் கல்யாணங்களில் வாசித்துவிட்டு ஆஸ்பத்திரியில் மறந்துவிடுகிறோம்.

அதற்காக எல்லா உண்மையும் எல்லாரிடமும் எப்போதும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், சிறையில் இருந்தபோது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். அதில் ஒரு வகுப்பறை வருகிறது. ஆசிரியர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் ஒரு சிறுவனைப் பார்த்து, உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வருகிறாராமே, உண்மையா என்று கேட்கிறார். உண்மைதான். சிறுவன் இல்லை என்கிறான். இங்கே பொய்யின் பழி கேட்டவர்மேல்தான் என்கிறார் போன்ஹோஃபர். ஒரு வீட்டின் துக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஆசிரியருக்கு உரிமை இல்லை, சிறுவன் தெரிந்த அளவில் தன் வீட்டைக் காத்திருக்கிறான். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்தக் கேள்வி எத்தனை பிள்ளைகள் மேல் விழுகிறது என்று யோசித்தால் மனசு கனக்கும்.

திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் முதல் குறளில், யாருக்கும் எந்தத் தீமையும் தராத சொல்லைச் சொல்வதே வாய்மை என்றார். அடுத்த குறளில் ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்றார். இதைக் காட்டி அன்புக்காகப் பொய் சொல்லலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘புரைதீர்ந்த’ என்று அவர் போட்ட நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். குற்றம் சிறிதும் கலவாத நன்மையாக இருக்க வேண்டும். சிறுவன் சொன்னது அந்த நிபந்தனையைத் தாண்டுகிறது. அய்யனிடம் மறைப்பது பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஒரேயடியாகச் சொல்லாமல், அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லி, மீதியை அவர் கேட்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளும் டாக்டர்களும் நர்ஸுகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல நேரம் செலவாகும், பொறுமை வேண்டும்.

இதுவரை ஃபிளெட்சரோடு நடந்துவந்துவிட்டோம். இனி அவரை விட்டுப் பிரிய வேண்டிய இடம் வருகிறது.

1968இல் ஓர் அமெரிக்க இதழில் வெளியான கட்டுரையில், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை ஒரு முழு மனுஷர் அல்ல, ஆகவே அதை ஒதுக்கி வைக்கும் பெற்றோர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை என்ற பொருளில் ஃபிளெட்சர் எழுதினார். அன்பே ஒரே விதி என்று நூல் எழுதி இரண்டே வருடத்தில். பின்னாளில் அவர் கிறிஸ்தவ விசுவாசத்தையும் விட்டுவிட்டார். அது அவருடைய மனச்சாட்சியின் விஷயம், அதை வைத்து அவர் வாதத்தைத் தள்ள முடியாது. ஆனால் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னது அவர் முறையின் உள்ளே இருக்கும் ஓட்டையைக் காட்டுகிறது. யார் பிறன் என்பதை நானே முடிவு செய்துவிட்டால், அப்புறம் அன்பாக நடப்பது மிகச் சுலபம். வட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அன்பு, வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை. எனக்குப் பிறன் யார் என்று யூதச் சட்டம் படித்த நியாயசாஸ்திரி ஒருவன் கேட்டபோது இயேசு ஒரு பட்டியல் கொடுக்காமல், யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவனை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றியவனாக, ஒரு கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். வட்டம் போடும் வேலையை நம்மிடமிருந்து அவர் பிடுங்கிவிட்டார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

அன்பின் பெயரால் தவறு நடப்பது பழைய கதை. அன்பு செய், பிறகு நீ விரும்பியதைச் செய் என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் பேராயர் அகுஸ்தீனார் பிரசங்கித்தார். அதே இடத்தில் அவர் ஒரு நல்ல எச்சரிக்கையையும் வைத்தார்: தகப்பன் பிள்ளையை அடிக்கிறான், பிள்ளை பிடிப்பவன் தடவிக் கொடுக்கிறான், வெளியே தெரியும் செயலை மட்டும் வைத்து அன்பை எடைபோட முடியாது. உண்மைதான். ஆனால் சபையைவிட்டுப் பிரிந்துபோன தொனாத்தியரை அரசாங்க பலத்தால் திரும்பச் சேர்ப்பது சரியே, அது அவர்கள்மேல் வைத்த அன்பு என்று வாதாடவும் அவருக்கு இதே யோசனை உதவியது.

கொங்கு நாட்டு வீடுகளில் இந்த வாதம் இன்றும் ஓடுகிறது. மகள் வேறு சாதிப் பையனை விரும்பினால், படிப்பை நிறுத்துவதும் போனைப் பிடுங்குவதும் அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும் "உன்ற நல்லதுக்குத்தான் சாமி" என்ற பேச்சோடுதான் நடக்கும். அம்மா அழுவது நடிப்பில்லை. அவள் உண்மையாகவே நேசிக்கிறாள். அந்த நேசம் சொந்தம், ஊர், மரியாதை என்ற வேலிக்குள் மட்டும் ஓடுகிற நேசம். சில குடும்பங்களில் இது கொலையில் போய் முடிந்ததைச் செய்தித்தாளில் வாசித்திருக்கிறோம். கிறிஸ்தவ வீடுகள் விதிவிலக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, திங்கட்கிழமை வரன் பார்க்கும்போது முதல் கேள்வியாக சாதியைக் கேட்கும் விசுவாசிகள் நம் நடுவில் இருக்கிறார்கள். கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த காலத்தில் அதை உடைக்க, நாட்டில் சட்டமும் தெருவில் போராட்டமும் வேண்டியிருந்தது. தனித்தனி மனுஷரின் அன்பு அதைத் தானாக உடைத்துவிடவில்லை.

நூற்பாலைகளில் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். தென் மாவட்டங்களிலிருந்தும் மற்ற ஏழை ஊர்களிலிருந்தும் பருவ வயதுப் பெண்களைக் கூட்டிவந்து, பெரும்பாலும் மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை தரும் ஏற்பாடு சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இந்தப் பகுதியில் நடந்தது. பாதியில் போனவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதும், விடுதிக்கு வெளியே போக விடாமல் வைத்ததும் தொழிலாளர் உரிமைக்காரர்களின் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. இப்படிப்பட்ட ஏற்பாட்டை நியாயப்படுத்த வருகிற பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "எங்க வீட்டுப் புள்ளைங்க மாதிரி பாத்துக்கறமுங்க." வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டால் குறைந்தபட்சக் கூலி, மிகைநேரச் சம்பளம், பி.எஃப்., சங்கம் எல்லாம் பேசக் கூடாத விஷயங்களாகிவிடும். ஃபிளெட்சர் இந்த இடத்தில் நமக்கு நல்ல துணை. அன்பும் நீதியும் இரண்டல்ல, பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்த அன்புக்குத்தான் நீதி என்று பெயர் என்றார் அவர். அன்பு என்றால் பிடித்தமில்லை, நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பிறனுடைய நன்மையை நாடுவதே அன்பு என்றும் அழுத்திச் சொன்னார். அந்த அளவுகோலின்படி, மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுக்காமல் தலையைத் தடவிக் கொடுக்கும் முதலாளியிடம் அன்பு இல்லை.

அப்படியானால் பலருக்குப் பங்கிடுவது எப்படி? இதற்கு நொய்யலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. திருப்பூரின் பனியன் தொழில் வளர வளர சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் வளர்ந்தன. உப்பும் சாயமும் கலந்த கழிவு ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. ஊருக்குத் தண்ணீர் தரக் கட்டிய அணையைப் பார்த்து, எங்கள் பக்கம் தண்ணீர் விடாதீர்கள் என்று விவசாயிகள் கெஞ்ச வேண்டி வந்தது. கிணறுகள் உப்பாயின. தென்னை காய்ந்தது.

இப்போது பட்டறை வைத்திருக்கும் ஒரு விசுவாசியை நினைத்துப் பாருங்கள். தன்னிடம் வேலை பார்க்கும் குடும்பங்களை அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும். பிள்ளைகளின் பீஸ் கட்ட முன்பணம் கொடுத்திருக்கிறார். கழிவை முழுதாகச் சுத்தம் செய்யப் போனால் செலவு தாங்காமல் பட்டறையை மூட வேண்டி வரலாம். தெரிந்த முகங்கள்மேல் வைத்த அன்பு, ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிடு என்று சொல்லும். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருக்கும் விவசாயியின் முகம் அவருக்குத் தெரியாது. சூழ்நிலையைப் பார்த்து அன்பாக முடிவெடு என்று அவரிடம் சொன்னால், அவர் பார்க்கும் சூழ்நிலைக்குள் அந்த விவசாயி வரவே மாட்டார். இங்கே மனசு கெட்டவர் என்று யாரும் இல்லை, கண்ணுக்கு எட்டும் தூரம்தான் சிக்கல்.

உபாகமத்தில் ஒரு சின்னச் சட்டம் உண்டு, 22ஆம் அதிகாரத்தில். புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்து அந்தப் பழி உன் வீட்டின்மேல் வரக் கூடாது. விழப்போகிறவர் யார் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. விருந்தாளியாக இருக்கலாம், விளையாட வந்த பிள்ளையாக இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். இதுவரை சந்திக்காத ஒருவர்மேல் முன்கூட்டியே அன்பு வைக்க வேறு வழி இல்லாததால் அது சட்டமாக வருகிறது. விதியும் அன்பும் எதிரிகள் என்று பேசுகிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டும் இடம் இது. சாயக்கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவும் அந்த வகையில் ஒரு கைப்பிடிச் சுவர்தான். அதன் விலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீடுகளில் அடுப்பு திண்டாடியது. கடனில் விழுந்த சின்ன முதலாளிகளும் உண்டு. அதற்கப்புறம்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பணமும் தொழில்நுட்பமும் வேகமாக இறங்கின. விதி இல்லாமல், அன்பாக இருங்கள் என்ற வேண்டுகோள் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பதுதான் அதற்கு முந்தைய இருபது வருட அனுபவம்.

ஃபிளெட்சரோடு மோதியவர்களில் பால் ராம்சி என்ற அமெரிக்க மெதடிஸ்ட் அறிஞர் இதைத்தான் வேறு வழியில் சொன்னார். ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எடுத்து இதில் அன்பு எது என்று கேட்பது மட்டும் போதாது, எந்த விதி எல்லாரும் கைக்கொள்ளும்போது அன்பாக இருக்கும் என்றும் கேட்க வேண்டும் என்றார். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பார்க்லே, நம் போதகர்கள் பலர் பிரசங்கத்துக்குத் தயாராகப் புரட்டும் விளக்கவுரைகளை எழுதியவர், எல்லாரும் பரிசுத்தவான்களாக இருந்தால் இந்த அறவியல் அருமையாக வேலை செய்யும் என்ற பொருளில் எழுதினார்.

கோயமுத்தூருக்கே சொந்தமான ஒரு குரலும் இந்த விஷயத்தில் இருக்கிறது, நாம்தான் அதை அதிகம் வாசிப்பதில்லை. 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயமுத்தூர்ப் பேராயம் அமைந்தபோது அதன் முதல் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்து பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தவர். கிறிஸ்தவத்தை பக்தி மார்க்கமாகப் பார்க்கலாம் என்று 1920களிலேயே எழுதியவர். யோவான் 15இல் வரும் திராட்சச்செடியும் கொடிகளும் அவருக்கு மையமான பகுதி. அன்பில் நிலைத்திருப்பவனுடைய சித்தம் மெல்ல மெல்ல தேவ சித்தத்தோடு ஒன்றிப்போகும் என்பது அவர் போதனையின் சாரம். அந்த ஒன்றிப்பை அவர் ஒழுக்கத்தோடு பிணைத்தே பேசினார்: என் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டால் என் அன்பில் நிலைத்திருப்பீர்கள் என்று அதே அதிகாரத்தில் இயேசு சொல்லவில்லையா? ஃபிளெட்சர் முடிவெடுக்கும் கணத்தைப் பார்த்தார். அப்பாசாமி முடிவெடுக்கிற ஆளைப் பார்த்தார். நாள்தோறும் ஜெபிக்கிற, சபையில் சாதி பாராமல் பக்கத்தில் உட்காருகிற, கணக்கை நேராக எழுதுகிற பழக்கம் முன்பே இல்லாதவனுக்கு, நெருக்கடி வரும் நாளில் அன்பு எது என்று கண்டுபிடிக்கும் கண் திடீரென்று வந்துவிடாது.

நம் சபைகளில் இந்த விஷயத்தைப் பேச இடம் இருக்கிறது. வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், குழுவாக நடக்கும் வேதபாடம், கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனை எல்லாமே இருக்கின்றன. நல்ல சமாரியன் கதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேசிவிடுகிறோம், அதை எருசலேம் எரிகோ சாலையோடு விட்டுவிடுகிறோம். அடுத்த தடவை பேசும்போது உண்மையான ஒரு முடிவை நடுவில் வைத்துப் பேசலாம்: ஒரு கூலிக் கணக்கு, ஒரு வரன் பேச்சு, ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். இதில் அன்பு எது என்று கேட்பதற்கு முன்னால், இந்த முடிவால் பாதிக்கப்படப்போகிறவர்களில் இந்த அறையில் இல்லாதவர் யார் என்று முதலில் கேட்கலாம். கூலிக் கணக்கென்றால் அந்தத் தொழிலாளியையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம். முதலாளிமார் இருக்கும் சபைகளில் இது எளிதாக நடக்காது, பாஸ்டருக்கு அடுத்த வருஷம் மாற்றல்கூட வரலாம். ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.